எஞ்சின் பாகங்களுக்கு வீட்டில் வண்ணம் பூசுவோர் கவனத்திற்கு

பழைய புல்லட் எஞ்சினைக் கழற்றி, வார்ப்பிரும்பு சிலிண்டருக்கும் அதன் கீழுள்ள அலுமினிய உறையான கிராங்க்கேஸுக்கும் வீட்டு மாடியிலேயே வண்ணம் பூச முயன்று, பாதியில் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பூச்சு உரிந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், அதற்கு முன் உலோகத்தைச் சுத்தம் செய்யும்போது நேரும் கேடுகளில் சிலவற்றைத் திருத்தவே முடியாது.

அலுமினியப் பாகத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பது அத்தகைய ஒன்று. இரும்பில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக நீக்கும் அந்தக் கரைசல், அலுமினியத்தையே கரைத்து, கடும் சூட்டுடன் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். தெறிக்கும் துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

அதைவிட நான் அஞ்சுவது ஆற்று மணலை. காற்றழுத்தும் கம்ப்ரெசர் கிடைத்துவிட்டால், மணலைக் காற்றின் வேகத்தில் வீசியடித்து உலோகத்தைச் சுரண்டும் சாண்ட் பிளாஸ்டிங் செய்யத் துணிகிறார்கள். உடையும் மணலிலிருந்து எழும், கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோயைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், இவ்வேலைக்குச் சிலிக்கா மணலைத் தடைசெய்யுமாறு 1974இலேயே பரிந்துரைத்தது. முகத்தில் கட்டும் கைக்குட்டை எதையும் தடுக்காது. மேலும், எண்ணெய் செல்லும் துளைகளில் சிக்கிய ஒரு சிட்டிகை மணலே பேரிங்குகளை அரித்துவிடப் போதும். கம்பி பிரஷும் எமரி தாளும் மெதுவானவைதான்; ஆனாலும் வீட்டுக்கு அவையே போதும்.

பிசுக்கைக் கழுவப் பெட்ரோல் வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவி, தொலைவிலுள்ள அடுப்பிலும் பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் மண்ணெண்ணெயால் துடைத்துச் சோப்பு நீரால் கழுவுங்கள். கடைசியில் ஊற்றும் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். வார்ப்பிரும்பை உடனே உலர்த்திப் பூசாவிட்டால், நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துரு படியும்.

இறுகச் செய்யும் திரவமான ஹார்டனர் கலந்து அடிக்கும் இருகலவைப் பெயிண்டை வீட்டில் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் ஆஸ்துமாவை வரவழைக்கும்; தூசி முகமூடி அதற்குக் காப்பாகாது. அந்தப் பெயிண்ட் சிலிண்டரின் சூட்டைத் தாங்குவதுமில்லை. வெப்பம் தாங்கும் ஸ்பிரே பெயிண்டைக் காற்றோட்டமான இடத்தில் மெல்லிய படலங்களாக அடியுங்கள். தடித்த பூச்சு, சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகள் வெப்பத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். சிலிக்கோன் வகைப் பூச்சுகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில்தான் முழுமையாக இறுகும். அதற்காகச் சமையலறை ஓவனைப் பயன்படுத்தாதீர்கள். எஞ்சினைப் பூட்டியபின், பெயிண்ட் டப்பாவில் குறித்துள்ளபடி, சிறிது நேரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி ஓட்டிச் சூடேற்றுங்கள்.