ராக்கெட்: ஏவூர்தியா, ஏவுகணையா, வாணமா?

ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினம். அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். கடலூரிலோ புதுச்சேரியிலோ பள்ளி விழாவுக்கு பேனர் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறும் சொல் 'ராக்கெட்'.

தன்னிடம் உள்ள பொருளை ஒரு பக்கம் வேகமாக வெளியேற்றி, அதன் எதிர்விசையால் மறுபக்கம் பாய்வது ராக்கெட். வெளிக்காற்றை அது நம்பியிருப்பதில்லை. ஆகவே காற்றில்லாத வெளியிலும் ஓடும். தீபாவளி வாணமும், பி.எஸ்.எல்.வி.யும், பிள்ளைகள் விடும் தண்ணீர் ராக்கெட்டும் இந்த வரையறைக்குள் வந்துவிடும்.

இத்தாலியில் நூல் சுற்றும் சிறு கட்டைக்கு 'ரொக்கெத்தோ' என்று பெயர். வாணக் குழாயும் அதே வடிவில் இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் இதையே 'ஃப்யூசே' என்பார்கள். அதன் வேர் லத்தீனில் 'ஃபூசுஸ்', அதாவது நூல் நூற்கும் கதிர். வேர்கள் வேறானாலும் இரண்டும் நூற்பவர் வீட்டுச் சாமான்களே.

தமிழில் பொருத்தமான சொல் ஏவூர்தி. ஏவு + ஊர்தி, வினைத்தொகை. 'ஏவுர்தி' என்று குறிலாக எழுதுவது பிழை. இரண்டு உறுப்புகளும் பழையவை: புறநானூற்றின் 27ஆம் பாடலில் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. அங்கே 'ஏவுதல்' என்பது பாகன் செலுத்துவது. (இதை வைத்துச் சங்க காலத்தில் ராக்கெட் இருந்தது என்று மேடையில் முழங்க வேண்டாம், பாட்டு சொல்வது நல்வினை செய்தோர் அடையும் விண்ணுலக ஊர்தியை.)

ஏவுகணை வேறு. இலக்கைத் தாக்கும் ஆயுதம் அது. 'சந்திரயான்-3 ஏவுகணை மூலம் நிலவுக்குச் சென்றது' என்று எழுதினால் பொருளே கெடும்; அதைச் சுமந்து சென்ற எல்.வி.எம்.3 ஓர் ஏவூர்தி. வாணம், அம்பைக் குறிக்கும் 'பாணம்' திரிந்து வந்தது; வேடிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அழைப்பிதழில் 'நீர் ஏவூர்தி ஏவுதல்' என்று அச்சிடுங்கள். மைக்கில் 'தண்ணீர் ராக்கெட்' என்றே சொல்லலாம், தப்பில்லை.

அந்த நிகழ்ச்சிக்கு 2 லிட்டர் சோடா, கோலா பாட்டில்தான் வேண்டும். குடிநீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. கீறல் விழுந்த பாட்டிலையும் ஒதுக்குங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 600 முதல் 650 மி.லி. தண்ணீர் போதும். பாதிக்கு மேல் ஊற்றினால் தள்ளுவதற்குக் காற்று குறையும், பாரமும் கூடும். மிகக் குறைந்தால் தண்ணீர் நொடியில் தீர்ந்து உந்துவிசை நிற்கும். வாய்ப்பக்கம் மூன்று இறக்கைகள், மேல்முனையில் 50 கிராம் அளவுக்குக் களிமண். இந்த முனைப்பாரம் இல்லாவிட்டால் மேலே போனதும் குட்டிக்கரணம் போடும்.

அளவுமானி உள்ள சைக்கிள் பம்பால் 50 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை காற்று ஏற்றினால் போதும். கூட்டம் தடுப்புக் கயிற்றுக்கு அப்பால், குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்கட்டும். பாட்டிலை ஏவுமேடையில் பிடித்திருக்கும் கொக்கி விடுபடாமல் சிக்கினால் யாரும் கிட்டே போய்க் குனியக் கூடாது. பம்ப் பக்கமே காற்றைத் திறந்துவிட ஒரு வால்வு வைத்திருக்க வேண்டும்.

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நடத்துவதானால் ஏவுமேடைக்கு அடியில் பலகை போடுங்கள். மணலில் ஒரு கால் புதைந்தாலே ராக்கெட் சாய்ந்து கிளம்பும். நேரம் காலைதான் சரி. பிற்பகலில் கடற்காற்று எழும். இறக்கை உள்ள ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். கரையை ஒட்டி விட்டால் கடலுக்குள் போய்விடும்.