திறந்தநிலைப் புத்தாக்கம்

ஓப்பன் இன்னோவேஷன் என்ற தொடர் மேலாண்மை உலகில் பரவியது, அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் ஹென்றி செஸ்ப்ரோ 2003இல் வெளியிட்ட நூலால். தன் ஆய்வுக்கூடத்தில் விளைந்ததை மட்டும் நம்பியிராமல் வெளியார் அறிவையும் உள்ளே எடுத்துக்கொள்வது, தனக்குப் பயன்படாத கண்டுபிடிப்பை உரிமமாகவோ தனி நிறுவனமாகவோ வெளியே விடுவது: இரண்டும் சேர்ந்ததே பொருள். இன்னோவேஷனின் வேர், 'புதிய' எனப் பொருள்படும் 'நோவுஸ்' என்னும் லத்தீன் சொல்.

தமிழில் புத்தாக்கம் வேரூன்றிவிட்டது. புதுமை + ஆக்கம். மை கெட்டு, தகரம் இரட்டி, புத்தாண்டு, புத்தாடை போலவே புணர்ந்த சொல். சிக்கல் 'ஓப்பன்' என்பதில்தான். யாரும் தடையின்றி எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளை நினைத்துக்கொண்டு 'கட்டற்ற புத்தாக்கம்' என்று எழுதினால் பொருள் கெடும். இங்கே காப்புரிமை உண்டு, உரிமத்துக்குக் கட்டணம் உண்டு, ஏன், ரகசியமும் உண்டு. கடையின் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவே. சரக்குக்கு விலை இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தால் நமக்குப் பழகிப்போன அடைமொழியை வைத்துத் 'திறந்தநிலைப் புத்தாக்கம்' என்பதே என் தேர்வு.

அந்தக் கதவு எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சிறு தொழில்நுட்ப நிறுவனங்களின் பிழைப்பு. பெரிய ஆய்வுக்கூடம் வைக்க அவற்றிடம் பணம் இராது. அக்கம்பக்கத்து அறிவே மூலதனம். செஸ்ப்ரோ விரிவாக ஆராய்ந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வுக்கூடத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1970இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கியது; தலைமையகமோ நாட்டின் மறுகோடியில், கனெக்டிகட்டில். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் பிறந்தது பார்க்கில்தான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பாப் மெட்காஃப் வெளியேறி 1979இல் த்ரீகாம் நிறுவனத்தைத் தொடங்கினார். பக்கங்களை அச்சுக்கு விவரிக்கும் மொழியொன்றை ஜெராக்ஸ் சந்தைக்குக் கொண்டுவராததில் சலித்துப்போன ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982இல் அடோபியைத் தொடங்கினார்கள். அவர்கள் உருவாக்கிய அத்தகைய மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டை 1985இல் தன் லேசர் அச்சுப்பொறியில் வைத்து விற்றது ஆப்பிள். ஆப்பிள் இருந்த குபெர்டினோ, பார்க்கிலிருந்து காரில் சிறிது தூரம்தான். தலைமையகம் கண்டுகொள்ளாததைப் பக்கத்து ஊர் கண்டுகொண்டது.

இடம் என்றால் தூரம் மட்டுமல்ல, அங்கே செல்லும் சட்டமும்தான். வேலையை விட்ட பணியாளர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற ஒப்பந்தம் கலிஃபோர்னியாவில் 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே செல்லாது. பாஸ்டனைச் சுற்றி ரூட் 128 நெடுஞ்சாலையோரம் வளர்ந்த கணினி நிறுவனங்களின் ஊழியர்களுக்கு அந்த வசதி இல்லை. பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸ் மாநில நீதிமன்றங்கள் நியாயமான அளவில் அத்தகைய ஒப்பந்தங்களை ஏற்றன. அந்த மாநிலம் அவற்றுக்குப் பொதுவாக ஓராண்டு வரம்பு வைத்தது 2018இல்தான்.