போர்ட்டுக்குத் தடித்த எழுத்து எடுக்கும்போது

"எழுத்த நல்லாத் தடிப்பாப் போடுங்க தம்பி." மட்டக்களப்பில் பெயர்ப்பலகை வடிவமைக்கிற எவருக்கும் இது பழகிய வேண்டுகோள். இப்போது அதோடு இன்னொன்றும் வருகிறது. போனில் ஏதாவது ஒரு லோகோவைக் காட்டி, "இப்படி வட்டமா, நேரா இருக்கிற ஸ்டைல்ல வேணும்" என்கிறார்கள். அவர்கள் காட்டுவது பெரும்பாலும் தடித்த கேத்திரகணித வகை ஆங்கில எழுத்துரு. கோட்டு நுனிகளில் சிறு பாதங்கள் இருக்காது. வட்டம், சதுரம், முக்கோணம் இவைதான் அடிப்படை. நல்ல தெரிவுதான், ஆனால் தமிழுக்குக் கொண்டுவரும்போது கவனிக்க வேண்டியவை உண்டு.

இந்த வகையில் மூத்தவற்றுள் பேர்பெற்றது ஃபியூச்சுரா. ஜெர்மனியில் போல் ரென்னர் வரைந்து 1927இல் வெளிவந்தது. அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டில் இருப்பதும் அதுதான். 2000இல் டொபியஸ் ஃப்ரியர்-ஜோன்ஸ் வரைந்த கொதம், 2008 ஒபாமா தேர்தல் பிரசாரத்தில் உலகுக்கே தெரிந்தது. இலவசமாகக் கிடைப்பதால் நம் பக்கத்து அச்சகங்களில் ஓடுபவை மொன்செராட், பொப்பின்ஸ்.

கேத்திரகணிதம் என்றதும் கவராயமும் அடிமட்டமும் போதும் என்று தோன்றும். ஃபியூச்சுராவில் ஆங்கிலப் பெரிய 'ஓ'வையும் 'எச்'சையும் பக்கத்தில் வைத்து, 'எச்'சின் தலையிலும் அடியிலும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். 'ஓ' அந்தக் கோடுகளைச் சற்றே தாண்டி நிற்கும். கோட்டுக்குள் சரியாக அடக்கினால் வட்டம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் என்பதால் வேண்டுமென்றே செய்தது அது. படுக்கைக் கோட்டை நிமிர்ந்த கோட்டைவிட மெல்லிதாக வரைவதும் அப்படித்தான். தண்டும் வளைவும் சேரும் இடத்தைச் செதுக்கி ஒல்லியாக்குவார்கள், இல்லாவிட்டால் மூலையில் கறுப்புத் திட்டு விழும். தடிப்புக் கூடக்கூட இந்த வேலையும் கூடும், ஏனென்றால் தடிக்கிற கோடு எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையைத்தான் தின்கிறது.

தமிழில் அந்த வெள்ளைதான் பிரச்சினை. ட, ப, ம எவ்வளவு தடித்தாலும் தாங்கும். ண, ஞ தாங்காது. "கண்ணீர் அஞ்சலி" என்று வைக்கிற பெனர்களைப் பாருங்கள்: சுழிகள் நெருங்கி நிற்கும் இரண்டு ண, மேலே புள்ளி, பக்கத்தில் ஈகார விசிறி. மெல்லிய எழுத்தை எடுத்து 'போல்ட்' பொத்தானை அமுக்கினாலோ, கோரல் ட்ரோ வடிவமைப்பு மென்பொருளில் சுற்றிவர அவுட்லைன் கொடுத்தாலோ, கணினி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வீங்க வைக்கும். சுழி அடைபடும், புள்ளி எழுத்தோடு ஒட்டும். ண எது, ன எது என்று தூரத்தில் தெரியாது. கட்டிங் ஸ்டிக்கர் என்றால் கேட்கவே வேண்டாம், சுழிக்குள் மிஞ்சிய பொட்டுத் துண்டைப் பிடுங்கும்போது பக்கத்துக் கோடும் சேர்ந்து வரும்.

ஆகவே தடிப்பாகவே வரையப்பட்ட தமிழ் எழுத்துருவைக் கேளுங்கள். பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் 9 தடிப்புகளில் இருக்கிறது. எக் டைப் குழுவின் முக்த மலர், பலூ தம்பி, அனெக் தமிழ் எல்லாம் நல்லவை. இவை இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். அனெக்கில் அகலத்தையும் மாற்றலாம் என்பதால் நீளமான கடைப்பெயருக்கு வசதி. ஆங்கிலத்துக்கு வைத்த தடிப்பைவிடத் தமிழுக்கு ஒரு படி குறைத்தே வைப்பேன், அப்போதுதான் இரண்டும் ஒரே கருமையாகத் தெரியும். இரவில் உள்ளே லைட் எரிகிற போர்ட் என்றால் இன்னும் ஒரு படி குறைக்கலாம். இருட்டில் ஒளிரும் எழுத்து இருப்பதைவிடத் தடித்துத் தெரியும்.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளை இடைவெளி விட்டுப் பரப்பினால் அழகு கூடும். தமிழில் அதைச் செய்யாதீர்கள். "கொக்கட்டிச்சோலை" என்று எழுதி இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். பல மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் தனியாகப் போய் நிற்கும். தனியே நிற்கிற கால் 'ர' மாதிரியே இருக்கும், அப்புறம் வாசிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

அளவுக்குப் பலகைத் தொழிலில் சொல்லும் கணக்கு 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல உயரம். கல்முனை வீதியில் பஸ்ஸில் போகிறவர் 50 அடியில் வாசிக்க வேண்டுமென்றால் 5 அங்குலம். தமிழில் அதை 'ப'வின் உடலுக்குத்தான் கணக்கிட வேண்டும், மேல் விசிறியையும் கீழ் வாலையும் சேர்க்கக் கூடாது.

திருவிழா நோட்டீஸ் முழுவதையும் தடித்த எழுத்தில் போடச் சொல்பவர்களும் உண்டு. நாலைந்து சொல் தலைப்புக்குத்தான் இந்த எழுத்து. உள்ளே நிகழ்ச்சி நிரலும் உபயகாரர் பெயர்களும் அதே தடிப்பில் வந்தால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. மின்னஞ்சல் முகவரி இருந்தால் தனியாகப் பாருங்கள், இந்த வகை ஃபொன்ட்கள் பலவற்றில் பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் ஒரே நிமிர்ந்த கோடுதான்.

அச்சுக்கு முன் அனுப்பும் மாதிரியை (புரூஃப்) போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "ஓகே" அனுப்பாதீர்கள். முதன்மைச் சொல்லை மட்டும் உண்மை அளவில் ஏ4 தாள்களில் அடித்து ஒட்டி, கடைக்கு முன்னால் ரோட்டைக் கடந்து நின்று பாருங்கள். புள்ளிகளும் ண, ஞ சுழிகளும் தெரிந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் எழுத்துருவின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள், அடுத்த கிளைக்கு அக்கரைப்பற்றில் வேறொருவர் போர்ட் அடிக்கும்போது அதுதான் தேவைப்படும்.