நிலம் ஆடும்போது ரப்பர் என்ன செய்கிறது?

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.13க்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் நிலம் ஆடியது, அளவு 4.1. பக்கத்து ஊரான லாபிஸில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் தட்டுகள் கலகலத்தன. விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"தங்கச்சி, நீ தனியா நியூசிலாந்து போயி அந்த இடிஞ்ச ஊரப் பாத்துட்டு வந்தியே, அங்க கட்டடம் விழாம இருக்க அடியில என்னாதான் வைக்கிறாங்க?"

"ரப்பர் வைக்கிறாங்கக்கா."

"நம்ம ரப்பரா?"

அவர் நம்பவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் நாற்பது வருடம் விடியற்காலைப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடி, மரம் சீவி, மங்கு மங்காகப் பால் எடுத்த கை அது. அவர் நம்பும்படி விளக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் பார்த்த ஊர் கிறைஸ்ட்சர்ச். 2010 செப்டம்பர் 4ல் 7.1 அளவு நடுக்கம் வந்தபோது அந்த ஊர் பெரிய உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது. 2011 பிப்ரவரி 22, நண்பகல் 12.51க்கு வந்தது அதைவிடச் சிறியதுதான், 6.3. ஆனால் ஊருக்கு மிக அருகே, ஆழமில்லாமல் வெடித்தது. 185 பேர் இறந்தார்கள். அதில் 115 பேர் ஒரே கட்டடத்தில். கிழக்குப் பகுதிகளில் மண் நீர்போல் இளகிச் சேறாகப் பொங்கியது. அந்நிலத்தில் இனி குடியிருக்க வேண்டாம் என்று ஏறத்தாழ 8,000 வீடுகளை அரசு ஒதுக்கிவிட்டது.

2024 நவம்பரில் நான் போனபோது, ஊர் நடுவில் பழைய தேவாலயம் இரும்புச் சட்டங்கள் முட்டுக்கொடுக்க வேலிக்குள் நின்றது. அதன் எதிரே 2018ல் திறந்த தூரங்கா நூலகம். சற்றுத் தொலைவில், பெரிய அட்டைக் குழாய்களைக் கூரைக்கு வைத்துக் கட்டிய தேவாலயம். ஏவன் ஆற்றங்கரையில் 185 பெயர்கள் பொறித்த நீண்ட சுவர். அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நடந்து போய் மகளிர் மருத்துவமனையின் முன் நின்றேன். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். 2005ல் திறந்தது. அந்தப் பிப்ரவரி நாளில் தெற்குத் தீவு முழுவதிலும் ரப்பர் தாங்கிகள் மேல் நின்ற ஒரே கட்டடம் அதுதான். சிறு சேதத்தோடு தொடர்ந்து இயங்கியது. மறுகட்டுமானத்தில் வந்த நீதிமன்ற வளாகமும் புதிய மருத்துவமனைக் கட்டடமும் அதே வழியைத்தான் பின்பற்றின.

பூமித் தட்டுகள் உரசுவது, அலைகள் பரவுவது எல்லாம் பள்ளியில் படித்ததே. நேரே தாளத்துக்கு வருவோம். சேலைத் தொட்டிலைக் குட்டையாகக் கட்டினால் வேகமாக ஆடும், நீளமாகக் கட்டினால் மெதுவாக ஆடும். கட்டடத்துக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. இரண்டு மூன்று மாடிக் கட்டடம் அரை நொடிக்குள் ஒருமுறை ஆடி முடிக்கும். கெட்டியான நிலத்தில் நடுக்கத்தின் உதறலும் பெரும்பாலும் அந்த வேகத்தில்தான் இருக்கும். இரண்டும் பொருந்திவிட்டால் கட்டடம் மேலும் மேலும் வீசி ஆடும். அடியில் ரப்பர் வைத்தால் கட்டடத்தின் தாளம் இரண்டு நொடிக்கு மேல் நீள்கிறது. நிலம் படபடவென்று முன்னும் பின்னும் போய்வர, மேலே கட்டடம் நிதானமாக மிதக்கும்.

அக்காவின் அடுத்த கேள்வி நியாயமானது: "அவ்வளவு பாரம் ஏத்துனா ரப்பர் பிதுங்கிடாதா?"

பிதுங்கும். அழிரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் உப்பும். ரப்பரின் கன அளவைக் குறைப்பது மிகக் கடினம், அதனால் அது ஒதுங்க இடம் தேடுகிறது. அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால்? மெல்லிய ரப்பர் சீட்டு, அதன் மேல் எஃகுத் தகடு, மறுபடி சீட்டு, மறுபடி தகடு என்று மாற்றி மாற்றி அடுக்கிச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். பாரம் அழுத்தும்போது உப்பப் பார்க்கும் ஒவ்வொரு சீட்டையும் மேலும் கீழும் உள்ள தகடுகள் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் தகடுகள் தடுப்பதில்லை; அடுக்கி வைத்த புத்தகங்கள் சரிவதுபோல் ரப்பர் சாயும், விட்டதும் திரும்பும். மேலிருந்து கல், பக்கத்திலிருந்து பஞ்சு. ஒரே பொருளுக்குள் இந்த இரண்டு குணம் அமைந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்னும் ஒரு சிக்கல். மெதுவாக ஆடினாலும் ஆட்டம் நிற்க வேண்டுமே. 1970களின் நடுவில் நியூசிலாந்தின் அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பில் ராபின்சன், ரப்பர் அடுக்கின் நடுவே துளையிட்டு ஓர் ஈய உருளையைச் செருகினார். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் சூடாகி ஒடிந்துவிடும். ஒவ்வொரு வளைவிலும் உள்ளே படிகங்கள் சிதைந்து இறுகுவதே காரணம். கொல்லன் அதை உலையில் பழுக்கக் காய்ச்சினால் படிகங்கள் புதிதாக அமைந்து இரும்பு மறுபடி மெத்தென்று ஆகும். ஈயத்துக்கு உலையே வேண்டாம். அது 327 பாகை செல்சியசிலேயே உருகுகிற உலோகம். இரும்பு உருக அதைவிட மிக அதிகச் சூடு வேண்டும்; அதனால் ஈயத்துக்கு நம் வீட்டு வெப்பநிலை, இரும்புக்கு ஏறத்தாழ 630 பாகை போல. எனவே நடுக்கத்தில் நசுங்கும் ஈயம், ஆட்டத்தின் ஆற்றலைச் சூடாக மாற்றிக்கொண்டே, தன் படிகங்களைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. அடுத்த அதிர்வுக்கு மறுபடி தயார். நம் பிள்ளைகள் தூண்டிலில் கட்டும் அதே ஈயம்.

எல்லா மண்ணுக்கும் இது மருந்தல்ல. 1985ல் மெக்சிகோ நகரத்தின் பழைய ஏரிப்படுகை இரண்டு நொடித் தாளத்தில் ஆடியது. அப்படிப்பட்ட மண்ணில் தாளத்தை நீட்டுவது ஆபத்தை அழைப்பதாகும்.

ரப்பர் மக்கிப்போகாதா? மெல்பர்னில் 1889ல் ஒரு ரயில் மேம்பாலத்தில் வைத்த ரப்பர் துண்டுகள் நூறு வருடம் கழித்தும், மேல்தோலில் மட்டும் தேய்ந்து, வேலை செய்துகொண்டிருந்தன.

இதில் நம் பங்கு பாலோடு நிற்கவில்லை. மலேசிய ரப்பர் ஏற்றுமதியில் பிடித்த ஆய்வு வரியில் இங்கிலாந்தின் ஹெர்ட்போர்டு அருகே நம் ஆய்வுக்கூடம் நடந்தது. ஈயம் இல்லாமலே ஆட்டத்தை அடக்கும் இயற்கை ரப்பரை அங்கேதான் உருவாக்கினார்கள். அமெரிக்காவில் முதன்முதலாக 1985ல் இப்படித் தாங்கிகள் மேல் எழுந்த கட்டடம், கலிபோர்னியாவின் ஒரு நீதி வளாகம். அதன் அடியில் அந்த ரப்பரே இருக்கிறது. தோட்டத்து லயத்து வீட்டில் ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் எடுத்த பால் அந்த ஆய்வுக்குப் படியளந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன என்பதற்காக ரப்பர் ஆய்வுக்கான பணத்தில் கைவைக்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். அந்த வரியை உழைப்பால் கட்டியது எங்கள் அம்மாக்கள்.

சிகாமட் நடுக்கத்துக்குப் பிறகு எனக்கு வந்த குரல் பதிவுகள் வேறு மாதிரி. செப்டம்பர் 7ன் சந்திர கிரகணத்தோடு முடிச்சுப் போட்டு, இன்ன தேதியில் பெரியது வரும் என்றது ஒன்று. நாளும் நேரமும் குறித்து நடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை. கோயிலுக்குப் போங்கள், நானும் போகிறேன். பயத்தை மட்டும் பரப்பாதீர்கள். வயதான ஒருவர் இரண்டு இரவு வாசலிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

நம் ஒற்றை மாடி வீட்டுக்கு ரப்பர் தாங்கி தேவையில்லை. கிறைஸ்ட்சர்ச்சின் 6.3 வெளிவிட்ட ஆற்றல் சிகாமட்டின் 4.1ஐப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு. செங்கல் சுவரும் கூரைச் சட்டமும் தூணோடு சரியாகப் பிணைந்திருக்கின்றனவா, தண்ணீர்த் தொட்டி உறுதியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பெரிய கட்டுமானம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2014ல் திறந்த பினாங்கின் இரண்டாம் பாலம், கடல்மேல் மட்டும் 16.9 கிலோமீட்டர், இயற்கை ரப்பர் தாங்கிகள் மேல்தான் படுத்திருக்கிறது. இதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தைப்பூசத்துக்குப் பினாங்கு போறோமே, அந்தப் பாலத்து வழியாப் போகச் சொல்லு" என்றார்.