வீழ்ச்சியும் இல்லை, வீழ்படிவும் இல்லை

ஃபால்அவுட் என்ற ஆங்கிலச் சொல்லை வீழ்ச்சி என்று பெயர்த்த ‘கடலோர மண்ணில் வீழ்ச்சிக் கதிரியக்கம்’ என்ற தொடர் மும்பையின் செம்பூர், மாட்டுங்கா பக்கம் கைமாறும் தமிழாக்கங்களில் அலுக்காமல் வருகிறது. படிப்பவர் கதிரியக்கம் குறைந்துவிட்டதாக எண்ணி நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவார். அணுகுண்டுச் சோதனைகளில் உண்டாகி மண்ணில் விழுந்த சீசியம்-137இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 ஆண்டு. 1963ஐ ஒட்டி விழுந்ததில் இன்று கால்பங்கே மிச்சம். அந்த வீழ்ச்சியை எந்தச் சொல்லால் சொல்வது?

ஃபால்அவுட் என்றால் மேலிருந்து விழுந்தது, அதாவது குண்டு வெடித்தபின் இறங்கும் கதிரியக்கத் துகள். அணுகுண்டுச் சோதனைகளையொட்டி, 1950 வாக்கில் இந்தப் பொருள் நிலைத்தது. அவ்வளவுதான்.

திருத்தப் புறப்பட்டவர்கள் ‘வீழ்படிவு’ என்கிறார்கள். இது இன்னும் தொல்லை. பள்ளி வேதியியலே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டாயிற்று: கரைசலில் வினை நடந்து அடியில் தங்கும் திண்மம் வீழ்படிவு. சீசியத்தைப் போலவே விழுந்து மண்ணிலுள்ள ஸ்ட்ரான்சியம்-90ஐ அளக்க, அமிலத்தில் கரைத்தெடுத்துக் கார்பனேட்டாக வீழ்படியச் செய்வார்கள். அப்போது வீழ்படிவை வீழ்படிவாக்கினோம் என்றா எழுதுவது?

பொழிவு என்பதே பொருந்தும். சீசியம் பெரும்பாலும் மழையோடுதான் இறங்கியது. மழை மிகுந்த இடத்தில் படிவும் மிகுதி. பரப்பின்மேல் பொழிந்ததால் கணக்கும் சதுர மீட்டருக்கு இத்தனை பெக்கெரல் (நொடிக்கு ஓர் அணுச்சிதைவு என்ற அலகு). எனவே மண் மாதிரி எடுக்க, வாய் அகலம் தெரிந்த குழாயை அடித்திறக்கி, வந்த மண்ணை 2 செ.மீ. துண்டுகளாக வெட்ட வேண்டும். மண்வெட்டியால் அள்ளினால் பரப்பு தெரியாது. கிலோவுக்கான எண் மட்டும் மிஞ்சும், அதுவும் தோண்டிய ஆழத்துக்கேற்ப மாறும். உழுத நிலமும் அலை புரட்டும் மணலும் ஆகவே ஆகாது.

பொட்டாசியம்-40, யுரேனியம், தோரியம் மண்ணோடு பிறந்தவை. அவற்றுக்குக் கிலோ கணக்கு சரி. மும்பையின் பசால்ட் மண்ணில் தோரியம் குறைவு, மணவாளக்குறிச்சியின் மோனசைட் (தோரியம் உள்ள கனிமம்) மணலில் மிக அதிகம். அங்கே காமாக் கதிரை அளக்கும் சோடியம் அயோடைடு டிடெக்டரை நம்பக் கூடாது. 583, 609 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் எழும் இயற்கை முகடுகள் சீசியத்தின் 662ஐ விழுங்கிவிடும். உயர்தூய ஜெர்மானிய டிடெக்டர்தான் பிரித்துக் காட்டும்.

பொழிவு மங்கலச் சொல்லாயிற்றே என்பார்கள். குண்டுமழை பொழிந்தது என்று நாம் எழுதுவதே இல்லையா? அதற்காகக் ‘கதிர்வீச்சுப் பொழிவு’ என்றும் எழுதிவிடக் கூடாது. விழுவது துகள், கதிர் அதிலிருந்து புறப்படுவது. கதிர்வீச்சுக்கும் கதிரியக்கத்துக்கும் வேறுபாடு தெரியாமலே பலர் மொழிபெயர்க்க உட்கார்கிறார்கள். கடலோர மண் பற்றிய ஆய்வறிக்கைத் தலைப்புக்கு ‘இயற்கைக் கதிரியக்கமும் பொழிவுக் கதிரியக்கமும்’ போதும்.