கட்டடம் கேட்கிறோம், ஆளைக் கேட்பதில்லை

சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோன் ஒன்றில் பல வருடங்களுக்கு முன் பார்த்த காட்சி இது. அங்கன்வாடிக்கான குடும்பக் கணக்கெடுப்புக்காகப் போயிருந்தேன். தறிகள் ஓடுகிற சத்தத்தில் பேசுவது காதில் விழாது. கையால் சைகை காட்டித்தான் விசாரிக்க வேண்டும். சன்னலோரம் ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கணுக்காலில் பழைய துப்பட்டாவைச் சுற்றி, மறுமுனையைச் சன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். தலைமுடி முழுக்கப் பஞ்சு. கையில் நூல் தீர்ந்துபோன கோன் ஒன்று. அதை உருட்டுவான், துப்பட்டாவுக்கு எட்டாத தூரம் உருண்டு போனதும் அழுவான். யாராவது எடுத்துக் கொடுத்தால் மறுபடி உருட்டுவான்.

என்னைப் பார்த்ததும் அவன் அம்மா தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்து முடிச்சை அவிழ்த்தாள். "விட்டால் பெல்ட் பக்கம் போய்விடுகிறானுங்க, டீச்சர். போன வாரம் கையையே நீட்டிவிட்டான்" என்றாள். நான் திட்டுவேன் என்று பயந்திருப்பாள். எந்த வாயால் திட்டுவது? அந்தக் குடோனிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் அங்கன்வாடி இருந்தது. ஆனால் மையத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டுப் பாடம் சொல்லித் தருவது இரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்கு. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போகும், பிள்ளை போகாது. அவனுக்கு இரண்டு வயது முடிந்திருந்தாலும் மாலையில் மையத்தைப் பூட்டிய பிறகு நான்கு மணி நேரம் அவள் தறியில் நின்றாக வேண்டும்.

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் அங்கன்வாடி மேற்பார்வையாளராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தத் துப்பட்டா முடிச்சை வேறு வேறு வடிவங்களில் எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்ட எட்டு வயது அக்கா, வெளியே தாழ்ப்பாள் போட்ட ஓட்டு வீடு, கிணற்றுமேட்டு வேப்பமரத்தில் சேலைத் தொட்டில் கட்டிவிட்டு மஞ்சள் வெட்டப் போன தாய். இவர்களில் ஒருத்திகூடப் பிள்ளை மேல் அக்கறை இல்லாதவள் அல்ல. அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு காப்பகமும், அதில் ஆளும்தான் இல்லை.

நம் பக்கத்து வேலை நேரம் வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் புரியாது. பனியன் கம்பெனி பஸ் காலை ஏழரைக்கே ஊர் முக்கில் வந்து நிற்கும். எட்டரைக்கு வேலையில் உட்கார்ந்தால் ஒரு ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடியும். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை. ஆர்டர் அவசரமாக இருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட்தான் வழக்கம். வீட்டுக்கு வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். "வீட்டில் அம்முச்சி இருக்கிறார்களே, பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கூட்டங்களில் பெரிய அதிகாரிகள் கேட்பார்கள். இன்றைய அம்முச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, வயது நாற்பத்தெட்டு. காங்கேயத்தில் கயிறு மில்லுக்கோ தேங்காய் உடைக்கும் களத்துக்கோ அவரும் காலையிலேயே கிளம்பிவிடுகிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மில் குடியிருப்பில் இருக்கிற குடும்பங்களுக்கு அந்த அம்முச்சியும் ஊரில் இல்லை.

நான் சொல்ல வந்த திட்டத்தின் பெயர் 'பால்னா'. கிராமத்தில் கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது என்றே என் அனுபவம் சொல்கிறது. முன்பு ராஜீவ் காந்தி தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் என்றும், பிறகு தேசியக் காப்பகத் திட்டம் என்றும் இருந்ததை 2022-ல் மத்திய அரசு, பெண்களுக்கான 'மிஷன் சக்தி' திட்டத்தின் கீழ் கொண்டுவந்து இந்தப் பெயர் வைத்தது. இதில் புதிதாகச் சேர்ந்ததுதான் அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகம். இருக்கிற அங்கன்வாடியிலேயே, ஆறு மாதக் கைக்குழந்தை முதல் ஆறு வயது வரை இருபத்தைந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மாதம் 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம். தூங்க இடம், உணவு, எடை பார்ப்பது, தடுப்பூசி, மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விளையாட்டு வழிப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். அம்மா எந்த வேலைக்குப் போகிறாள், எவ்வளவு சம்பாதிக்கிறாள் என்ற நிபந்தனை கிடையாது. செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. நாடு முழுவதற்கும் 17,000 காப்பகங்கள் என்று இலக்கு வைத்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தின் உயிர் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர் தவிரக் காப்பகத்துக்கென்று தனியாக ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். அதாவது கூடுதலாக நான்கு கைகள்.

நம் ஊர்க் கிராம சபைகளில் இந்த நான்கு கைகளை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. புதுக் கட்டடம் கேட்பார்கள், சுற்றுச்சுவர் கேட்பார்கள், சுவரில் யானையும் மயிலும் வரையச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒழுகுகிற வாடகைக் கட்டடத்தில் பிள்ளைகளை வைத்திருந்தவள் நான். ஆனால் கட்டடத்துக்கு வழி தெரியும். ஒரு மையத்துக்கு 12 லட்சம் ரூபாய், அதில் 8 லட்சம் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து என்று என் பணிக்காலக் கடைசியில் கணக்கே இருந்தது. ஒப்பந்தக்காரரும் வருவார், திறப்பு விழாவும் நடக்கும். ஆள் நியமனத்துக்குத் திறப்பு விழா கிடையாது. அதனாலேயே அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை என்று நினைக்கிறேன்.

ஆள் இல்லாத மையம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எங்கள் துறையில் 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரு சொல் உண்டு. ஒரு மையத்தின் பணியாளர் ஓய்வு பெற்றால், புதியவர் வரும்வரை பக்கத்து மையத்துப் பணியாளரே இரண்டையும் பார்க்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி அங்கே. செவ்வாய், வியாழன் இங்கே. ஒரு செவ்வாய்க்கிழமை நான் அப்படிப்பட்ட மையத்துக்கு முன்னறிவிப்பில்லாமல் போனேன். பணியாளர் பக்கத்து ஊரில் இருந்தார். உதவியாளர் அக்கா ஒருவரே பதினான்கு பிள்ளைகளோடு இருந்தார். அடுப்பில் உலை கொதிக்கிறது. முட்டை வேக வேண்டும். ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, கழுவிவிட வேண்டும். பிள்ளைகள் அடுப்படிக்கு வந்துவிடக் கூடாது என்று மர பெஞ்சைக் கவிழ்த்து வாசலில் குறுக்காக வைத்திருந்தார். நான் உள்ளே போனதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மேடம், ரெண்டு நிமிடம் இவர்களைப் பாருங்கள், நான் சிறுநீர் கழித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்பது. மணி பன்னிரண்டரை. காலையிலிருந்து அவர் போகவில்லை.

அன்றைக்கு நான் பதிவேடு எதையும் திறக்கவில்லை. முட்டை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2025-ல் 7,783 காலியிடங்களை நிரப்ப அரசு ஆணையிட்டது: பணியாளர் 3,886, குறு அங்கன்வாடிப் பணியாளர் 305, உதவியாளர் 3,592. மனதார வரவேற்கிறேன். ஆனால் இது ஏற்கெனவே இருந்த ஓட்டையை அடைப்பது. கைக்குழந்தைகளையும் வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் இதற்கு மேல் ஆள் வேண்டும். பத்து மாதக் குழந்தையை ஊட்டித் தூங்க வைக்கிறவரால் அதே நேரத்தில் நான்கு வயதுப் பிள்ளைக்கு அகரம் சொல்லித்தர முடியாது. பிள்ளை பெற்ற எவருக்கும் இது தெரியும்.

பணம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இணைந்த காப்பகத்தில் பணியாளருக்கு மாத மதிப்பூதியம் 5,500 ரூபாய், உதவியாளருக்கு 3,000 ரூபாய். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போனாலே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். அப்படியிருக்க யார் வருவார்? வருகிறவர்கள் இருக்கிறார்கள்: கைக்குழந்தையோடு வேலைக்குப் போக முடியாத இளம் தாய், கணவனை இழந்து ஊரை விட்டு நகர முடியாதவர், உடம்பு ஒத்துழைக்காமல் கம்பெனியை விட்டவர். ஆனால் ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார்கள். பழகிய முகம் மாறினால் ஒரு வயதுப் பிள்ளை நாள் முழுக்க அழும். மறுநாள் அம்மா வேலைக்குப் போக மாட்டாள். என் கண் முன்னால் ஒரு காப்பகம் இப்படித்தான் முடங்கியது. தொண்டு நிறுவனம் ஒன்று பழைய திட்டத்தில் நடத்தியது. மானியம் மாதக்கணக்கில் வரவில்லை. அந்தப் பணியாளர் தன் நகையை அடகு வைத்துப் பால் வாங்கி ஊற்றினார். கடைசியில் அவரே நின்றுவிட்டார். பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டுச் சாவியை என்னிடம் கொடுக்க வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மதிப்பூதியத்தை உயர்த்தச் சொல்லி அரசிடம் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரும் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும். கோவிலுக்குத் தலைக்கட்டு வரி போட்டுக் கும்பாபிஷேகம் நடத்துகிற ஊர்கள் நம்முடையவை. அந்த இரண்டு பெண்களுக்கு மாதம் இரண்டாயிரம் சேர்த்துக் கொடுப்பதும், மானியம் தாமதமாகும்போது பால் செலவைத் தாங்குவதும் நம்மால் ஆகாத காரியமா?

பக்கத்தில் மில் இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள், உரிமையோடு பேசுங்கள். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே, முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்கிற ஆலையில் பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கச் சொன்னது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை பிள்ளையைப் பார்த்துவர விட வேண்டும் என்று எழுதினார்கள். தனியாகத்தான் நடத்த வேண்டும் என்பதில்லை. பொதுக் காப்பகமாகவும் இருக்கலாம். பத்துத் தறி வைத்திருக்கிற குடோன்காரரை இந்த விதி தொடாது. அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஊர்க் காப்பகத்தை விட்டால் வேறு வழி இல்லை.

எப்படிக் கேட்பது என்று பலர் தொலைபேசியில் கேட்கிறார்கள். முதலில் பெயர்ப் பட்டியல். உங்கள் அங்கன்வாடிப் பணியாளரிடம் குடும்பப் பதிவேடு இருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை எத்தனை பிள்ளைகள் என்பது அதில் தெரியும். வெளிமாநிலக் குடும்பங்களை விட்டுவிடாதீர்கள்; அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே உரிமை உண்டு. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம். இந்த இரண்டு நேரங்களும் இல்லாத மனு வெறும் காகிதம். காப்பகத்தின் நேரத்தைப் பெரும்பாலான தாய்மார்களின் வேலை நேரத்தை ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்பது பழைய திட்டத்திலிருந்தே உள்ள விதி. என் யோசனை, காப்பகப் பணியாளர்களின் ஏழரை மணி நேரத்தை அங்கன்வாடி நேரத்தின் மேலேயே அடுக்காமல், ஒருவர் முன்னதாக வந்து மற்றவர் பின்னதாகப் போகும்படி கேளுங்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரையாவது கதவு திறந்திருக்கும்.

பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. தீர்மானத்தில் 'அங்கன்வாடி மேம்பாடு' என்று பொத்தாம்பொதுவாக எழுத விடாதீர்கள். பால்னா திட்டத்தில் அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகம், கூடுதலாக ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்று எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மாவட்டத் திட்ட அலுவலருக்கும் போக வேண்டும். ஒன்றைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நொய்யல் கரையோர ஊர் ஒன்றில் அண்மையில் ஓர் அக்டோபர் 2 அன்று இப்படிச் செய்தார்கள். பட்டியலில் இருபத்து மூன்று பெயர்கள். ஐந்து பிள்ளைகளின் பெயரை எழுத இந்தி தெரிந்த மில் சூப்பர்வைசரைக் கூட்டிவந்தோம். தீர்மானப் புத்தகத்தை விரித்த ஊராட்சிச் செயலர், "அப்படியே புதுக் கட்டடமும் சேர்த்து எழுதிவிடட்டுமா, அம்மணி?" என்றார். இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண் சொன்னாள்: "கட்டடம் இருக்குதுங்க. ஆள்தான் வேணும்."

பிள்ளைக்கு ஆறு முதல் எட்டுச் சதுர அடி என்பது காப்பக விதி. இருபத்தைந்து பிள்ளைக்கு இருநூறு சதுர அடி வேண்டியிருக்கும். மையத்தின் பக்கத்திலேயே பழைய சத்துணவுக்கூடம் சும்மா கிடந்தது. அன்று சாயங்காலமே இரண்டு பெண்கள் டேப் பிடித்து அளந்தார்கள். இருபதுக்குப் பதினொன்று. வெள்ளையடித்து, சன்னலுக்குக் கம்பி வலை போட்டு வைத்திருக்கிறார்கள். மனு ரசீதை ஒரு நகல் எடுத்து எனக்கும் அனுப்பினார்கள். போன வாரம் வட்டார அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அறையைப் பார்த்துவிட்டு, பட்டியலில் தாய்மார்களின் அந்த நேர விவரத்தை மட்டும் தனியாக நகல் எடுத்துக்கொண்டு போனாராம்.