உயிர்ச்சுட்டி: 'பயோமார்க்கர்' என்ற சொல்லும் பார்க்கின்சன் நோயின் மூளைப் படமும்

பார்க்கின்சன் நோய் பற்றி எதைப் படித்தாலும் இப்போது 'பயோமார்க்கர்' என்ற சொல் எதிரே வந்து நிற்கிறது. தமிழில் இதை உயிர்க்குறியீடு, உயிரிக்குறிப்பான், உயிர்ச்சுட்டி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். நான் உயிர்ச்சுட்டியின் பக்கம். அதற்கான காரணம் இந்த நோய்க்கு எடுக்கும் மூளைப் படத்திலேயே இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. 'பயோ' என்பது உயிர், வாழ்வு என்று பொருள்படும் 'பியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'மார்க்' என்பது பழைய ஆங்கிலத்தில் எல்லையையும், எல்லையைக் காட்ட வைத்த அடையாளத்தையும் குறித்தது. மருத்துவத்தில் இன்று வழங்கும் வரையறையை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1998-இல் கூட்டிய குழு வகுத்தது. அது 2001-இல் வெளியானது. உடலின் இயல்பான செயல்பாட்டையோ, நோயின் போக்கையோ, சிகிச்சையின் விளைவையோ தெரிவிக்கும், புறவயமாக அளக்கத்தக்க பண்பு என்பது அதன் சாரம். 'அளக்கத்தக்க' என்பதுதான் இதில் உயிர்நாடி. "உடம்பெல்லாம் இறுகின மாதிரி இருக்கிறது" என்று நோயாளி சொல்வது அறிகுறி. அவர் வாய் திறக்காமலே பிறர் அளந்து அறியும் ரத்தச் சர்க்கரை, பயோமார்க்கர்.

பார்க்கின்சன் நோய்க்கு அப்படி எளிதாக அளக்க ஒன்று வெகுகாலம் கிடைக்கவில்லை. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயை விவரித்தபோது அவரிடம் இருந்தது கண்பார்வை மட்டுமே. இன்றும் அசைவு மந்தமாவது, அதோடு ஓய்வில் வரும் நடுக்கம் அல்லது தசை இறுக்கம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பக்கவாதம், கட்டி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்யத்தான் அதை எடுக்கிறார்கள். "படத்தில் ஒன்றுமில்லை என்கிறார்கள், நோய் இருக்கிறது என்றும் சொல்கிறார்களே" என்று குடும்பத்தார் குழம்புவது இதனால்தான். அவர்கள் குழப்பம் நியாயமானது. யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டிய ஒன்று.

நோயைக் காட்ட வேறு வகைப் படம் வேண்டும். டாட்ஸ்கேன் அப்படி ஒன்று. ஐரோப்பாவில் 2000-இலும் அமெரிக்காவில் 2011-இலும் ஒப்புதல் பெற்றது. கதிரியக்க அயோடின்-123 சேர்ந்த மருந்தை ரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். அது மூளையில், அசைவைச் சீராக்க உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு முனைகளில் உள்ள கடத்திப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. 3 முதல் 6 மணி நேரம் கழித்துப் படம் எடுக்கிறார்கள். நலமாக இருப்பவர் மூளையில் இருபுறமும் இரண்டு காற்புள்ளிகள் ஒளிரும். பார்க்கின்சன் நோயில் இந்த டோபமைன் முனைகள் அழியும்போது காற்புள்ளியின் வால் முதலில் மங்கும்; தலை மட்டும் நின்று முற்றுப்புள்ளி ஆகிவிடும். பெரும்பாலும் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். இடது கை அதிகம் நடுங்கினால் மூளையின் வலப்பக்க வால் கூடுதலாக மங்கியிருக்கும்.

இன்னொரு படக்குறிக்குப் பறவையின் பெயர். இரும்புச்சத்தை எடுத்துக்காட்டும் எம்.ஆர்.ஐ. படத்தில், நடுமூளையில் கரும்பொருள் (சப்ஸ்டான்ஷியா நைக்ரா) என்ற பகுதிக்குள் நலமானவருக்கு ஒரு வெளிச்சக் கீற்று தெரியும். அதன் இருபுறமும் உள்ள கருமையோடு சேர்ந்து அது பிளந்த வால் போல இருப்பதால், 2014-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அதைத் தகைவிலான் குருவியின் வாலுக்கு ஒப்பிட்டது. பார்க்கின்சன் நோயில் அந்தக் கீற்று மறைந்து வால் ஒன்றாகிவிடும். 'ஸ்வாலோ டெய்ல்' என்று அப்படியே எழுதுவதைவிட 'தகைவிலான் வால்' என்று எழுதலாம். நமக்குச் சொந்தமான அழகான பெயர் அது.

சரி, முற்றுப்புள்ளி தெரிந்துவிட்டால் பார்க்கின்சன் நோய்தானா? இல்லை. டோபமைன் முனைகள் குறைந்திருக்கின்றன என்பதை மட்டுமே அந்தப் படம் சொல்லும். பார்க்கின்சன் நோயைப் போலவே தோன்றும் வேறு நோய்களான பல மண்டலச் சிதைவு நோயிலும் (எம்.எஸ்.ஏ.), மேல்உட்கரு வாத நோயிலும் (பி.எஸ்.பி.) இதே முற்றுப்புள்ளிதான். மாறாக, படம் இயல்பாக இருந்தால் அது வலுவான சேதி. பன்னாட்டு பார்க்கின்சன் மற்றும் இயக்கக் கோளாறு சங்கத்தின் 2015 நெறிமுறை, இயல்பான டோபமைன் படத்தைப் பார்க்கின்சன் நோய் அல்ல என்று விலக்கும் காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. பரம்பரையாக வரும் கை நடுக்கத்திலும், சில மருந்துகளால் வரும் இறுக்கத்திலும் காற்புள்ளிகள் அப்படியே இருக்கும்.

'சுட்டி' பொருந்துவது இந்த இடத்தில்தான். குறியீடு என்பது மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டது: கணிதக் குறியீடு, அஞ்சல் குறியீடு. மூளையில் மங்கும் வாலை யாரும் பேசி வைக்கவில்லை. 'குறிப்பான்' தவறில்லை, ஆனால் எழுதும் பேனாவுக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. சுட்டுக்கு நம் இலக்கணத்திலேயே இடம் உண்டு. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள். 'அவன்' என்றால் ஒருவனை நோக்கிக் கை நீள்கிறது. அவன் யார் என்பது அந்தச் சொல்லில் இல்லை. அதை வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும். டாட்ஸ்கேன் செய்வதும் அச்சு அசல் இதுவே. 'சுட்டி' என்று தனியே எழுதினால் கணினிச் சுட்டியும் குறும்புக் குழந்தையும் நினைவுக்கு வரும். அதனால் முன்னொட்டோடு உயிர்ச்சுட்டி.

நோயைக் கண்டறிய உதவுவதை நோயறி உயிர்ச்சுட்டி எனலாம், நோய் வளர்வதை அளக்க உதவுவதைப் போக்கறி உயிர்ச்சுட்டி எனலாம். மூளைப் படம் என்றால் படவழி உயிர்ச்சுட்டி. மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'படம் பார்க்கின்சன் நோயை உறுதி செய்கிறது' என்று எழுதாதீர்கள். 'டோபமைன் இழப்பைச் சுட்டுகிறது' என்று எழுதுங்கள்.